ஆள்பவரின் அறிவும் நம் அறிவும்

நாட்டை ஆண்டவர்களை உட்காரவைத்து நுண்ணறிவுத் தேர்வு நடத்திய சம்பவம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். அதுவும் சிறைக்குள் நடந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து நாஜித் தலைவர்கள் நியூரம்பெர்க்கில் விசாரணைக்குக் காத்திருந்தபோது, அமெரிக்க ராணுவத்தின் உளவியலாளர் குஸ்டாவ் கில்பர்ட் அவர்களில் 21 பேருக்கு வெக்ஸ்லர்-பெல்வியூ தேர்வை ஜெர்மன் மொழியில் நடத்தினார். அந்த அளவுகோலில் சராசரி மனிதனுக்கு 100. ஹிட்லரின் பொருளாதார அமைச்சராக இருந்த யால்மர் ஷாக்ட் 143 பெற்றார். ஆஸ்திரியாவையும் பிறகு ஹாலந்தையும் ஆட்டிவைத்த சைஸ்-இன்குவார்ட் 141. ஹெர்மன் கோரிங் 138. தனக்கு முதலிடம் கிடைக்கவில்லையே என்று அவர் குமைந்தாராம். கடைசி இடம் யூத வெறுப்பையே பத்திரிகையாக நடத்திய யூலியஸ் ஸ்ட்ரைக்கருக்கு, 106. நூறுக்குக் கீழே ஒருவரும் இல்லை. தேர்வறையில் இவர்களோடு போட்டியிட்டால் நம்மில் பெரும்பாலோர் தோற்றுப்போவோம்.

அந்த மூளைகள் உலகத்துக்கு என்ன செய்தன என்பதைச் சொல்லத் தேவையில்லை.

நம் ஊர்த் தேநீர்க் கடையில் காலை ஏழு மணிக்கு எழும் கேள்வி இதற்கு நேர்மாறானது. "இந்த ஆளுக்கு என்னய்யா தெரியும்? நம்ம கையில குடுத்தா ஒரே வருஷத்துல சரிபண்ணிட மாட்டமா?" பிரதமரில் தொடங்கி ஊராட்சித் தலைவர் வரை இந்தக் கேள்வியிலிருந்து யாரும் தப்புவதில்லை. இதை வெறும் வாய்ச்சவடால் என்று ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தன்னை ஆள்பவனைவிடத் தன் அறிவு குறைந்ததில்லை என்று ஒருவன் நினைக்கத் துணிவது குடியாட்சியின் அடித்தளங்களில் ஒன்று. இருநூறு ஆண்டுகளுக்கு முன் இப்படிப் பேசியிருந்தால் முதுகுத்தோல் உரிந்திருக்கும். ஆனால் அந்த ஒப்பீடு நடக்கும் விதத்தில் ஒரு கோளாறு இருக்கிறது. தலைவரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்வது அவருடைய செயல். நம்மிடமிருந்து எடுத்துக்கொள்வது நம்முடைய எண்ணம். செயல் ஊர் பார்க்க நடந்து, பாதியில் உடைந்து, கணக்குத் தணிக்கைக்குப் போயிருக்கும். எண்ணம் ஒரு முறைகூட வெயிலில் காயாதது.

முதலில் நம் பக்கத்தைப் பார்த்துவிடுவோம். அமெரிக்காவில் 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், தாங்கள் சராசரி மனிதரைவிட அறிவாளிகள் என்று சொன்னவர்கள் 65 விழுக்காடு. கார் ஓட்டுவதில் இந்த நம்பிக்கை இன்னும் முற்றியது. 1981-இல் ஓலா ஸ்வென்சன் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்க மாணவர்களில் 93 விழுக்காட்டினர் தங்களை நடுத்தர ஓட்டுநரைவிடத் திறமைசாலிகளாக எண்ணினார்கள். ஸ்வீடன் நாட்டவர் சற்று அடக்கம், 69 விழுக்காடு. கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஜஸ்டின் குரூகரும் டேவிட் டன்னிங்கும் 1999-இல் எழுதிய கட்டுரையை இன்று எல்லோரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அவர்களுடைய தேர்வுகளில் கடைசிக் கால்பகுதியில் வந்தவர்கள் உண்மையில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேரைத்தான் முந்தியிருந்தார்கள். அறுபத்திரண்டு பேரை முந்திவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தார்கள். இந்த இடைவெளியில் ஒரு பகுதி கணக்கு முறையால் தோன்றும் மாயை என்று பின்னர் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே இந்தக் கட்டுரையை எதிராளியை முட்டாள் என்று திட்டும் கம்பாகப் பயன்படுத்துகிறவர்கள் கொஞ்சம் நிதானிக்கலாம். அது பெரும்பாலும் தன்னைத் தவிர மற்றவர்களை நோக்கியே ஓங்கப்படுகிறது என்பது தனி வேடிக்கை.

நம் விஷயத்துக்கு இன்னும் பொருத்தமானது 2013-இல் பிலிப் ஃபெர்ன்பாக், ஸ்டீவன் ஸ்லோமன் முதலானோர் செய்த சோதனை. அரசின் கொள்கைகள் சிலவற்றைச் சொல்லி, இவை உங்களுக்கு எவ்வளவு புரியும் என்று மதிப்பெண் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அடுத்து, அந்தக் கொள்கை எப்படி வேலை செய்யும், எதிலிருந்து எது விளையும் என்று படிப்படியாக விளக்கச் சொன்னார்கள். விளக்கி முடித்ததும் மறுபடி மதிப்பெண் போடச் சொன்னபோது அது இறங்கிவிட்டது. ஆதரிக்கவோ எதிர்க்கவோ காரணங்களை அடுக்கச் சொன்னால் அப்படி இறங்கவில்லை. காரணம் சொல்வதில் நமக்குப் பஞ்சமே கிடையாது. 'எப்படி' என்று கேட்டால்தான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. இப்படி விளக்கியவர்களின் அரசியல் தீவிரமும் தணிந்தது என்று அந்த ஆய்வு சொன்ன பகுதி பிறகு திரும்பச் செய்தபோது உறுதிப்படவில்லை. தெரியும் என்ற எண்ணம் சரிந்தது மட்டும் மீண்டும் கிடைத்தது.

இனி தலைவர்களின் பக்கம். உயிரோடு இருக்கும் தலைவர் யாரும் தேர்வெழுத வரப்போவதில்லை. அதனால் ஆய்வாளர்கள் வாழ்க்கை வரலாறுகளைப் படித்து மதிப்பெண் போடும் வேலையில் இறங்கினார்கள். 1926-இல் கேத்தரின் காக்ஸ் 301 மேதைகளுக்கு இப்படி மதிப்பிட்டார். டீன் சைமன்டன் 2006-இல் அமெரிக்க அதிபர்கள் 42 பேருக்கு மதிப்பிட்டார். இந்த முறையில் பெரிய ஓட்டை ஒன்று உண்டு. இளமைப் பருவம் பதிவாகாதவருக்கு மதிப்பெண் குறைந்துவிடும். காக்ஸின் பட்டியலில் கோப்பர்நிகஸின் இளமைக்கும் மைக்கேல் ஃபாரடேயின் இளமைக்கும் கிடைத்தது 105. ஒருவர் பூமியை நகர்த்தியவர். மற்றவர் மின்னாக்கிக்கு வழி திறந்தவர். ஃபாரடே கொல்லர் மகன். அவர் சின்ன வயதில் என்ன கேள்வி கேட்டார் என்று குறித்துவைக்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

குறிப்பு இல்லாத இடத்தில் வதந்தி புகுந்துகொள்ளும். 2001-இல் பென்சில்வேனியாவின் லவென்ஸ்டைன் நிறுவனம் அமெரிக்க அதிபர்களின் மூளையை அளந்திருக்கிறது, கிளின்டனுக்கு 182, ஜார்ஜ் புஷ்ஷுக்கு 91 என்று ஒரு செய்தி மின்னஞ்சலில் சுற்றியது. அப்படி ஒரு நிறுவனமே கிடையாது. ஆனாலும் லண்டனின் 'தி கார்டியன்' நாளிதழ் வரை அது உண்மைச் செய்தியாக ஏறி, பிறகு திருத்தம் போடும்படி ஆயிற்று. மக்கள் நம்ப விரும்பிய எண்கள் அவை.

உருப்படியான தரவு இருப்பது ஸ்வீடனில். அங்கே கட்டாய ராணுவச் சேவைக்காக 18 வயது ஆண்களுக்கெல்லாம் பல ஆண்டுகள் தேர்வு நடந்திருக்கிறது. அந்த மதிப்பெண்களைப் பின்னாளில் அரசியலுக்கு வந்தவர்களோடு பொருத்திப் பார்த்து, எர்னஸ்டோ தல் போ உள்ளிட்ட ஐவர் 2017-இல் வெளியிட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் பொது மக்களின் சராசரிக்கு மேலே இருந்தார்கள். தங்கள் உடன்பிறந்த சகோதரர்களையும் மிஞ்சியிருந்தார்கள். வசதியான வீட்டுப் பிள்ளை என்பதால் வந்த ஏற்றம் என்று இதைத் தள்ள முடியாது. ஸ்வீடனுக்குப் பொருந்துவது நமக்கும் பொருந்துமா என்றால், நம்மிடம் அப்படி ஒரு தேர்வும் இல்லை, அப்படிக் கட்சி நடக்கும் முறையும் இல்லை.

நமக்கு இருப்பது மனிதர்கள். திண்டிவனத்துக்கும் புதுச்சேரிக்கும் இடைப்பட்ட ஓமந்தூரில் 1895-இல் பிறந்த ராமசாமி ரெட்டியாரை எடுத்துக்கொள்ளலாம். சென்னை மாகாணத்தில் 1937-இல் பிரதமரானவர் (மாகாண முதல்வரை அன்று அப்படித்தான் அழைத்தார்கள்) ராஜாஜி, பெயர்பெற்ற வழக்கறிஞர். 1946-இல் வந்தவர் பிரகாசம், லண்டனில் படித்த பாரிஸ்டர். 1947 மார்ச் 23 அன்று அதே நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் ஓமந்தூர் விவசாயி. மாகாணமோ அன்றைக்கு ஸ்ரீகாகுளத்திலிருந்து கன்னியாகுமரியை நெருங்கும் வரையும், மேற்கே மலபார், தென்கன்னடம் வரையும் நீண்டு கிடந்தது. தமிழ், தெலுங்கு, மலையாளம், கன்னடம் என நான்கு மொழி பேசும் மக்கள். படித்த நகரத்தார் அன்று என்ன ஒப்பிட்டுப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிப்பது கடினமில்லை.

இரண்டே ஆண்டுகள் பதவியில் இருந்தார். அதற்குள் நடந்தவை: கோயில் நுழைவுச் சட்டம் 1947, தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் 1947, ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948. அரசு வேலைகளைச் சமூகவாரியாகப் பங்கிடும் வகுப்புவாரி ஆணை 1947-இல் திருத்தப்பட்டு, 14 இடங்களில் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, அரிசனங்களுக்கு 2, ஆங்கிலோ-இந்தியர் மற்றும் இந்தியக் கிறித்தவர்களுக்கு 1, முஸ்லிம்களுக்கு 1 என்று ஆயிற்று. பிற்படுத்தப்பட்டோருக்கென்று தனிக் கணக்கு அதில் வந்ததுதான் பின்னாளைய தமிழகத்தின் இடஒதுக்கீட்டு அரசியலுக்கே திருப்பம். 1948 அக்டோபர் 2 முதல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு.

இவற்றில் எதுவும் அவருடைய மூளையில் முதன்முதலாக உதித்ததில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தேவதாசி முறைக்கு எதிராக முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் குரல் எழுப்பியது 1920-களில். ஜமீன்களைப் பற்றிய அறிக்கையைப் பிரகாசம் தலைமையிலான குழு 1938-இலேயே கொடுத்துவிட்டது. வகுப்புவாரி ஆணை நீதிக்கட்சி காலத்துச் சரக்கு. மதுவிலக்கு ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கியது. வழக்கறிஞர்களும் மருத்துவரும் பாரிஸ்டரும் யோசித்து, எழுதி, பேசி வைத்தவற்றை ஒரு விவசாயி வந்து முடித்துவைத்தார். யோசிக்கும் அறிவு, முடிக்கும் அறிவு இரண்டும் ஒரே சரக்கு என்று நாம் எடுத்துக்கொள்வதால்தான் நம் ஒப்பீடுகள் கோணிப்போகின்றன. எந்த நுண்ணறிவுத் தேர்விலும், பத்து வருடமாக அலமாரியில் தூங்கும் அறிக்கையை எதிர்ப்புகளுக்கு நடுவே சட்டமாக்குவது எப்படி என்ற வினா இருக்காது.

அவர் எல்லாவற்றையும் சரியாகச் செய்தார் என்று சொல்ல வரவில்லை. 1948-இல் அவருடைய அரசு பள்ளிகளில் இந்தியைக் கொண்டுவந்து பெரியாரின் போராட்டத்தைத் தேடிக்கொண்டது. பத்தாண்டுக்கு முன் இதே இந்தியால் ராஜாஜி கண்ட எதிர்ப்பு கண்முன்னே இருந்தும் அது நடந்தது. 1949 ஏப்ரலில் பதவி விலகினார். சிபாரிசுக் கடிதங்களுக்கு மசியாதவர் என்பதால் சொந்தக் கட்சிக்காரர்களே அவரைச் சலித்துக்கொண்டார்கள் என்பது இன்றும் திண்டிவனம் பக்கத்தில் பேச்சு. பிற்காலத்தை வடலூரில் வள்ளலார் நெறியில் கழித்து 1970-இல் மறைந்தார். சென்னையில் ஓமந்தூரார் அரசினர் தோட்டம் அவர் பெயரில் இருக்கிறது. அதிலுள்ள மருத்துவமனைக்குப் போகிறவர்களில் அவர் யாரென்று தெரிந்தவர் எத்தனை பேரோ.

காமராசர் கதை எல்லோருக்கும் தெரிந்தது, அதனால் ஒன்றை மட்டும் சொல்கிறேன். 1954-இல் காங்கிரஸ் சட்டமன்றக் கட்சித் தலைவர் தேர்தலில் அவரை எதிர்த்து நின்று தோற்றவர் சி. சுப்பிரமணியம், சட்டம் படித்தவர். பள்ளிப் படிப்பையே முடிக்காத காமராசர், தோற்ற அந்தப் போட்டியாளரிடமே நிதியையும் கல்வியையும் ஒப்படைத்தார். தன்னைவிடப் படித்தவன் பக்கத்தில் இருந்தால் தன் நிறம் மங்கிவிடும் என்ற பயம் அவருக்கு இருக்கவில்லை. அந்தப் பயம் இல்லாமல் இருப்பதும் ஒரு வகை அறிவு. தேநீர்க் கடை ஒப்பீட்டில் இதற்கு மதிப்பெண் கிடையாது.

படிப்பைச் சட்டமாக்கிப் பார்க்கும் ஆசையும் நம் நாட்டில் பழையது. 1949 நவம்பர் 26 அன்று அரசியல் நிர்ணய சபையை முடித்துவைத்துப் பேசிய ராஜேந்திர பிரசாத், சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரிக்கு உயர்ந்த தகுதி கேட்கிறோம், சட்டம் இயற்றுபவருக்கு எதுவும் கேட்கவில்லையே என்று வருந்தினார். 2015-இல் ஹரியானா அரசு ஊராட்சித் தேர்தலில் போட்டியிடப் பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு, பெண்களுக்கும் பட்டியல் சாதி ஆண்களுக்கும் எட்டாம் வகுப்பு என்று விதித்தது. உச்ச நீதிமன்றமும் அதே ஆண்டு டிசம்பரில் அதைச் செல்லும் என்று சொல்லிவிட்டது. ராஜஸ்தான் இதுபோன்ற தன் விதியை 2019-இல் விலக்கிக்கொண்டது. தமிழகத்தின் ஒன்பதரை ஆண்டு முதலமைச்சர் காமராசர் ஹரியானாவில் பிறந்திருந்தால் அந்த விதியின்படி ஓர் ஊராட்சித் தலைவர் பதவிக்குக்கூட மனுப்போட்டிருக்க முடியாது. எனக்கு இந்தச் சட்டம் தவறாகவே படுகிறது. பள்ளிக்கூடம் கட்டாத அரசின் குற்றத்துக்குப் பள்ளிக்கூடம் போகாதவரைத் தண்டிப்பது அது.

இந்தக் கதைகளையெல்லாம் ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் தெளிவாகத் தெரியும். புதுச்சேரிக்கு வடக்கே கிழக்குக் கடற்கரைச் சாலையில், வானூர் வட்டத்தில் இருக்கிறது பொம்மையார்பாளையம். மயிலம் முருகன் கோயிலை நிர்வகிக்கும் பொம்மபுர ஆதீனத்தின் பழைய இருப்பிடம். ஒரு பக்கம் ஆரோவில்லின் செம்மண், மறுபக்கம் மீனவர் குடியிருப்பு, அதற்கப்பால் கடல். அந்தக் கடல் ஊரைத் தின்றுகொண்டிருக்கிறது.

காரணம் தெற்கே இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் புதுச்சேரித் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுந்தன. இந்தக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி நீரோட்டம் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது; சென்னைப் பக்கத்து மீனவர்கள் அதைத் தெண்டி என்பார்கள். வடகிழக்குப் பருவக்காற்றில் திரும்பி வருவது வன்னி. தெண்டியோடு கரையோரமாக மணலும் நடக்கிறது. குறுக்கே சுவர் வைத்தால் தெற்கே மணல் குவியும், வடக்கே மணல் வராமல் கரை அறுபடும். புதுச்சேரி நகரின் மணற்கரை போய்க் கருங்கல் வந்தது. பிறகு தமிழக எல்லைக்குள் தந்திராயன்குப்பம், சின்னமுதலியார்சாவடி, பொம்மையார்பாளையம் என்று அரிப்பு வடக்கே ஏறியது. வலை உலர்த்திய இடம், படகு இழுத்துவைத்த இடம், சில இடங்களில் வீடும் போயின.

"கடல்ல கல்லைப் போட்டா மணலு நிக்கும்னு எங்களுக்குத் தெரியுது, படிச்சவங்களுக்குத் தெரியாதா?" என்ற கேள்விக்குப் பதில், தெரியும் என்பதுதான். சென்னைத் துறைமுக வேலை 1870-களில் தொடங்கியபோதே தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றதையும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை போனதையும் பொறியாளர்கள் கண்ணாரக் கண்டிருக்கிறார்கள். புதுச்சேரித் திட்டத்திலேயே தெற்கே சேரும் மணலை அள்ளி வடக்கே சேர்க்கும் ஏற்பாடு இருந்தது. அது ஒழுங்காக நடக்கவில்லை. துறைமுகத்துக்கு அடிக்கல் உண்டு, திறப்பு விழா உண்டு. ஆண்டுதோறும் மணல் அள்ளும் செலவுக்கு எந்த அமைச்சர் ரிப்பன் வெட்டுவார்? போதாக்குறைக்குச் சுவர் ஓர் அரசின் எல்லையில், அரிப்பு இன்னோர் அரசின் எல்லையில். இங்கே குறைந்தது மூளை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் அலுக்காமல் செய்ய வேண்டிய ஒரு வேலைக்குப் பொறுப்பேற்கும் ஆள் குறைந்தார்.

மீனவரின் அறிவு ஆட்சியாளரின் அறிவைவிடக் குறைந்ததில்லை என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. அதே மூச்சில் மறுபாதியையும் சொல்லியாக வேண்டும். கரையோர ஊர்களின் கோரிக்கை பெரும்பாலும் இரண்டு: கல் கொட்டுங்கள், தூண்டில் வளைவு கட்டுங்கள். தூண்டில் வளைவு கட்டிய ஊருக்கு மணல் தங்குகிறது. ஆனால் அதுவும் ஒரு குறுக்குச் சுவர்தான். புதுச்சேரித் துறைமுகம் பொம்மையார்பாளையத்துக்குச் செய்ததை அது வடக்கே இருக்கும் அடுத்த குப்பத்துக்குச் செய்கிறது. ஊர் ஊராகக் கட்டிக்கொண்டே போனால் அரிப்பு நிற்பதில்லை, முகவரி மாறுகிறது. வீடு போகிற நேரத்தில் அடுத்த ஊரைப் பற்றி யோசி என்று யாரிடமும் உபதேசம் செய்ய முடியாதுதான். என்றாலும், நம் கையில் கொடுத்தால் என்று நாம் பேசும் அந்த ஒரு வருடத்தில் நாமும் இதையேதான் செய்திருப்போம் என்பதை ஒப்புக்கொள்ளலாம்.

2018-இல் சென்னையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் புதுச்சேரித் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் நீர்மூழ்கித் திட்டு ஒன்றை அமைத்தது. நகரின் கரையில் மறுபடி மணல் சேர்ந்தது. செய்ய முடியும் என்பதற்கு அது அத்தாட்சி. நகரத்தின் முகப்புக்குச் செய்தது குப்பங்களுக்கு எப்போது என்பது வேறு கேள்வி.

அப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்க ஓர் இடம் இருக்கிறது. தமிழகத்தில் கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதிகாரியோ சட்டமன்ற உறுப்பினரோ வந்து உட்காரும்போது அவருக்கு அறிவு இருக்கிறதா என்று விசாரிப்பதில் பயன் இல்லை. எப்படிச் செய்யப்போகிறீர்கள், ஆண்டுச் செலவு யாருடையது, எத்தனை வருடம் பராமரிப்பீர்கள், வடக்கே உள்ள ஊருக்கு என்ன ஆகும் என்று நான்கு கேள்விகளைத் தீர்மானத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நம் ஊருக்குத் தூண்டில் வளைவு கேட்டு மனு எழுதும்போது அந்த நான்காவது கேள்விக்கான பதிலையும் நாமே சேர்த்து எழுதுவோம்.